மின்தடை நாளில் ஒரு பெற்றோர் கூட்டம்

பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, நான் அந்தப் பள்ளிக்கு மாறுதலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. செல்லூரில், விசைத்தறிச் சத்தம் விடாமல் கேட்கும் சந்துகளுக்கு நடுவே இருந்த நடுநிலைப் பள்ளி அது. எட்டாம் வகுப்பு வரை உண்டு. நான் கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நான்தான். ஒத்தக்கடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தெருவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஊர் தெரியாத ஆளிடம் ஊரைக் கூட்டும் வேலையைக் கொடுக்கிறார்களே என்று அப்போதே எரிச்சல்தான்.

தலைமை ஆசிரியை சுற்றி வளைத்துப் பேசவில்லை. "எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம் இருக்கு டீச்சர். மாசாமாசம் கூட்டம் நடக்கணும், ஆப்புல போட்டோ ஏறணும், கையெழுத்து இருக்கணும். அம்புட்டுத்தான். மத்ததெல்லாம் நீங்க பாத்துக்கங்க" என்றார்.

கூட்டம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு. எந்த வெள்ளி என்று மேலே இருந்து தேதி வரும். முதல் கூட்டத்துக்கு நான் பிள்ளைகளை வைத்து எண்பது நாற்காலி போட்டேன். வராண்டாவில் கோலம் போடச் சொன்னேன். மைக் டெஸ்ட் பண்ணினேன். மூன்றரை மணி வரைக்கும் ஒன்பது பேர் வந்தார்கள். எட்டுப் பெண்கள், மகளைக் கூட்டிப்போக வந்து தவறி உள்ளே நுழைந்துவிட்ட ஓர் ஆட்டோக்காரர்.

தலைமை ஆசிரியை அசரவில்லை. சத்துணவு சமைக்கும் அக்காவையும், கூட்டிப் பெருக்கும் அக்காவையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரச் சொன்னார். "நீங்க பக்கவாட்டுல நின்னு எடுங்க டீச்சர், அப்பத்தான் கூட்டம் நெறைய மாதிரித் தெரியும்" என்றார். எடுத்தேன். நெறையத்தான் தெரிந்தது.

பிறகு அவர் பேசினார். வணக்கம் சொன்ன அடுத்த வாக்கியத்திலிருந்தே புகார். பிள்ளைகள் தாமதமாக வருகிறார்கள், சீருடை துவைப்பதில்லை, வீட்டுப்பாடம் எழுதுவதில்லை, செல்போனைப் பிடுங்கி வைக்கத் துப்பில்லை. பேசிக்கொண்டே இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு தாயைப் பார்த்துக் கை நீட்டினார். "உங்க பையன்தான? தலையப் பாத்திருக்கீங்களா? வீட்டுல எண்ணெய் வைக்கிற பழக்கமே இல்லையா?" அந்தப் பெண் எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அடுப்புல பால வச்சுட்டு வந்துட்டேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பள்ளியில் பார்க்கவேயில்லை.

அதெல்லாம் தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது என்று எழுத ஆசைதான். தோன்றவில்லை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, "பெத்ததோட சரி, இவுகளுக்கு அக்கறையே இல்ல" என்று நானும் சொன்னேன். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

அடுத்த நான்கு மாதமும் நான் செய்யாத வேலை இல்லை. அச்சடித்த அழைப்பிதழ் கொடுத்தனுப்பினேன். எல்லாம் கையெழுத்தோடு திரும்பி வந்தன. ஒரே பேனா, ஒரே மாதிரிச் சாய்வெழுத்து. கடைசி பெஞ்சில் இருந்த ஒருத்தி நாற்பது அப்பாக்களுக்கும் கையெழுத்துப் போட்டிருந்தாள். வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். பாதி எண்கள் ரீசார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தன, மீதியில் காலை வணக்கமும் பூப்படமும் வந்தன. ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். எடுத்த உடனே எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "என்ன டீச்சர், என்ன பண்ணித் தொலைச்சான்?" ஒன்றும் பண்ணவில்லை, சும்மா கூட்டத்துக்குத்தான் கூப்பிடுகிறேன் என்றால் நம்பவில்லை. ஒரு தகப்பன் போனிலேயே மகனைக் கூப்பிட்டு இரண்டு அறை வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. அதோடு போன் போடுவதை நிறுத்தினேன்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒருவர் மட்டும் ஒரு கூட்டத்தையும் விடவில்லை. என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணுக்காக வருவார். ஐம்பது வயது இருக்கும். காலையில் வீட்டு வாசலில் இட்லி சுட்டு விற்பவர். பத்து மணிக்கெல்லாம் வியாபாரம் முடிந்துவிடும் என்பதால் மூன்று மணிக்குள் குளித்து, பூ வைத்து, நேரத்துக்கு வந்துவிடுவார். முன்வரிசையில் உட்கார்ந்து தலைமை ஆசிரியையின் திட்டையெல்லாம் கேட்டு முடித்தபின் கை தூக்குவார். "பின்னக் கணக்குல இந்தக் கீழ இருக்குற நம்பர எதுக்கு டீச்சர் ஒண்ணாக்குறாக? எம் புள்ள கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல" என்று ஒரு தடவை கேட்டார். நான் அந்த வருஷம் முழுக்கக் கேட்க ஏங்கிய கேள்வி அது. பலகைக்குப் போய் ஒரு வட்டத்தை வரைந்து சொல்ல ஆரம்பித்தேன். தலைமை ஆசிரியை கடிகாரத்தைக் காட்டினார்.

அவரிடம்தான் ஒரு நாள் வாய்விட்டுப் புலம்பினேன். "என்னதான்க்கா பண்றது? எம்புட்டுக் கூப்புட்டாலும் ஒருத்தரும் வர மாட்டேங்கிறாக."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்க எங்க தெருவுக்குள்ள வந்துருக்கீகளா டீச்சர்?"

இல்லை என்றேன்.

"மணி அடிச்சதும் எங்கூட வாங்க."

அன்றைக்கு மாலை அவர் பின்னால் போனேன். சந்து என்றால் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. ஒரு வீடு விட்டு ஒரு வீடு தறிப் பட்டறை. உள்ளே நான்கு, ஆறு, எட்டு என்று தறிகள். ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா இப்படியும் அப்படியும் அடிக்கிற அடியில் தரை அதிர்ந்தது. வாசலில் பெண்கள் உட்கார்ந்து நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். என் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பாவைக் காட்டினார். ஒரே ஆள் நான்கு தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் இழை அறுந்தால் ஓடிப்போய் முடிந்து, அடுத்ததற்குத் திரும்புவார். நான் வணக்கம் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. கை கூப்பியதைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுத்த தறிக்குப் போய்விட்டார்.

"வெள்ளிக்கெழம மூணு மணிக்கு இவர வாங்கன்னா எப்புடி வருவாரு?" என்று அந்த அக்கா என் காதருகே வந்து கத்தினார். "தறிய நிப்பாட்டிட்டு வந்தா மொதலாளி அடுத்த ஆளப் போட்ருவாரு."

"ஞாயித்துக்கெழம?"

"ஞாயிறு பாதிநா ஓடும். மீதிநா தூங்குவாக. நீங்க பள்ளிக்கூடத்தத் தெறப்பீகளா?"

திறக்க மாட்டோம் என்பது எனக்கும் தெரியும்.

சந்து முனைக்கு வந்ததும் சத்தம் கொஞ்சம் குறைந்தது. அவர் நின்றார். "மாசத்துல ஒரு நா கரண்ட்டு கட் பண்ணுவாகல்ல? காலைல ஒம்பதுலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். அன்னிக்கிப் பூரா தறி நிக்கும். ஆம்பளைக டீக்கடைல இருப்பாக, பொம்பளைக ரேசன் கடை, ஆஸ்பத்திரின்னு போவாக. அன்னிக்கி வைங்க டீச்சர் கூட்டத்த. நான் கூட்டியாரேன்."

நான்கு மாதம் அழைப்பிதழ் அடித்த எனக்கு இது தோன்றவில்லை. மின்தடை நாளன்று மின்விசிறி ஓடாது, பிள்ளைகள் தூங்கி வழிவார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

தலைமை ஆசிரியையிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். "கரண்ட் இல்லாம எப்புடிம்மா மீட்டிங்? மைக் வேணாமா?" மரத்தடியில் வைக்கலாம், கத்திப் பேசிக்கொள்ளலாம் என்றேன். குறித்த தேதி அது இல்லையே என்றார். குறித்த தேதியிலும் ஒன்று வைப்போம், இது கூடுதல் என்றேன். மூன்று நாள் விடாமல் நச்சரித்தபின், "செய்ங்க. ஆனா எது நடந்தாலும் நீங்கதான் பொறுப்பு" என்றார். அதற்குப் பிறகு மேலே இருந்து வந்த தேதியன்று ஏதோ பயிற்சி என்று அவரை அழைத்துவிட்டார்கள். அந்த வெள்ளிக்கூட்டம் நடக்கவில்லை. ஆக, கூடுதல் கூட்டமே அந்த மாதத்தின் ஒரே கூட்டமாகிவிட்டது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மின்தடை அறிவிப்பு பேப்பரில் வந்த அன்றைக்கே அந்த அக்கா ஒவ்வொரு பட்டறை வாசலுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நான் மற்ற ஆசிரியர்களிடம் இரண்டே விஷயம் கேட்டுக்கொண்டேன். பிள்ளைகளின் நோட்டை மேசைமேல் பரப்பி வைக்க வேண்டும். யாரையும் திட்டக் கூடாது.

அன்று காலை பத்தரை மணிக்குச் சந்துகளில் சத்தம் இல்லை. அந்தப் பள்ளியில் முதல் தடவையாகக் காக்காய் கத்துவதைக் காது கொடுத்துக் கேட்டேன். பதினொரு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆண்களும் வந்தார்கள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. போட்ட நாற்காலிகள் போதாமல் பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டோம். அதுவும் போதாமல் மரத்தடி மண்ணில் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பொங்கிக்கொண்டு வந்தது. பாருங்கள், அக்கறை இல்லை என்றோமே என்று ஒவ்வோர் ஆசிரியரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

முதல் அரைமணி நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு தகப்பன் மகனுடைய கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான்கு தறி பார்த்தாரே, அவர்தான்.

"டீச்சர், இந்தப் பெருக்கல் தப்பா வந்துருக்கு. ஆனா ரைட்டு போட்ருக்கே?"

வாங்கிப் பார்த்தேன். தப்புதான். சிவப்பு மையில், என் கையால், சரி என்று குறி போட்டிருந்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டி இன்னொன்றைக் காட்டினார். அதுவும் அப்படித்தான். நாற்பது நோட்டை மதியச் சாப்பாட்டு நேரத்தில் திருத்தினால் அப்படித்தான் வரும் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "தப்புதாண்ணே. நான் சரியாப் பாக்கல" என்றேன். அவர் குறை சொல்லும் முகத்தோடு இல்லை. "நம்ம கணக்குதான் தப்போன்னு ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன்" என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு அவரவர் பிள்ளைகளின் நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார்கள். அறிவியல் நோட்டில் ஆடி மாதத்துக்குப் பிறகு திருத்தவே இல்லையே என்று ஒரு பெண் கேட்டார். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லையாமே, எம் மக சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு வர்றா என்று இன்னொருவர். ஆங்கில சார் மூன்று மணிக்கே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாரே, தினமும் எங்க பட்டறை வாசல் வழியாகத்தான் போகிறார் என்று ஒருவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஆங்கில சார் எழுந்து உள்ளே போய்விட்டார். தலைமை ஆசிரியையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நாங்கள் கூப்பிட்டது இதற்குத்தானே? பெற்றோர் வர வேண்டும், பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். வந்தார்கள், பார்த்தார்கள், கேட்டார்கள். அது எங்களில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும் அந்த இரண்டு பெருக்கல்களும் வீட்டுக்குப் போகிறவரை மனசுக்குள் குத்திக்கொண்டுதான் இருந்தன.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. இட்லிக்கார அக்கா, மெலிந்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். "இவதான் டீச்சர், புள்ளயோட அம்மா."

எனக்குப் புரியவில்லை. "அப்ப நீங்க?"

"நான் பக்கத்து வீடு. இவ காலைல எட்டு மணிக்குத் தறிக்குப் போனா ராத்திரிதான் வருவா. புருசன் இல்ல. புள்ள பள்ளிக்கூடம் விட்டதும் எங்கிட்டதான் இருக்கும். பெரியம்மான்னு கூப்புடும்."

ஆறு மாதமாக அவர் 'எம் புள்ள' என்று சொன்னதை நான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு தடவைகூட நீங்கள் யார் என்று கேட்டதில்லை. கையெழுத்து நோட்டில் அவர் தன் பெயரைத்தான் எழுதியிருந்தார். நான் யார் பெயரென்று படித்துப் பார்த்ததும் இல்லை.

பத்து நாள் கழித்துத் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டுச் செல்போனைக் காட்டினார். அந்த மாதம் எங்கள் பள்ளிக்கு நேராகக் 'கூட்டம் நடைபெறவில்லை' என்று இருந்தது. மின்தடை நாளில் எடுத்த படங்களைச் செயலி ஏற்கவில்லை. குறித்த தேதி அல்லாத எதையும் அது ஏற்காது. விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்துவிட்டது. ஒன்பது பேரை வைத்து நான் பக்கவாட்டில் எடுத்த படங்களெல்லாம் நடந்த கூட்டங்கள். மரத்தடியில் இடம் பற்றாமல் மண்ணில் உட்கார்ந்த கூட்டம் நடக்காத கூட்டம்.

"மேல பேசலாமே மேடம்? தேதிய மட்டும் மாத்திக் கேப்போம்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க டீச்சர். ஒரு கூட்டம் போட்டீங்க. ஸ்டாஃப்ல பாதிப் பேரு எங்கிட்ட பேச மாட்டேங்கிறாங்க. தறிக்காரன் வந்து நம்ம நோட்டத் திருத்துறான். இது தேவையா?"

விளக்கக் கடிதத்தை என்னையே எழுத வைத்தார். இனி இவ்வாறு நடைபெறாது என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் மட்டும் அந்த வாரமே போட்டார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். அன்றைக்குத்தான் பள்ளிக் குழுவுக்குப் பெற்றோரிலிருந்து புது உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இருந்த ஏழு பேரில் ஆறு பேர் ஒரே குரலில் இட்லிக்கார அக்காவைச் சொன்னார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்தார். தலைமை ஆசிரியை சேர்க்கைப் பதிவேட்டை வரவழைத்தார். விரலை ஓட்டிப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

அந்த அக்காவுக்குக் கேள்வி புரியவில்லை. "நாந்தான் டீச்சர். மாசாமாசம் வாரேன்ல?"

"வர்றீங்க. புள்ளைக்கு நீங்க என்ன வேணும்னு கேக்குறேன். அம்மாவா? சித்தியா? சொந்தமா?"

"பக்கத்து வீடு."

"பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் பெத்தவங்க ஆக முடியாதும்மா. ரூல் இருக்கு. இத்தன நாளா நோட்டுல நீங்க கையெழுத்துப் போட்டதே தப்பு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். இவர் இல்லாமல் அந்த மரத்தடிக் கூட்டம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். இனி இவ்வாறு நடைபெறாது என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம் அந்த மேசைமேல் கோப்புக்குள் இருந்தது. நான் பேசவில்லை. அந்த அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, "சரி டீச்சர், வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

குழுவில் பெயர் குறைந்தது. ஒரு பெயர் வேண்டுமே என்று பதிவேட்டில் இருந்த அந்தத் தாயின் பெயரையே எழுதினார் தலைமை ஆசிரியை. ஒரு வெள்ளிக்கூட்டத்துக்கும் வர முடியாதவர் உறுப்பினர். எல்லாக் கூட்டத்துக்கும் வந்தவர் வெளியே. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அந்தத் தாயின் கையெழுத்து வேண்டும். அதற்கு யார் போவது? நான்தான்.

முதல் தடவை பதிவேட்டைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனபோது அந்தத் தாய் ஒரு தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். பதிவேட்டை நீட்டி, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது என் காதருகே வந்து கத்தினார்.

"எப்புடிப் படிக்குது டீச்சர்?"

"நல்லா! நல்லாப் படிக்கிறா! கணக்குல கொஞ்சம் அவசரம்!"

"என்னது?"

"அவசரம்! அவசரப்பட்டுப் போடுறா!"

அவர் சிரித்தார். "என்னைய மாதிரி!"

மூலையில் இருந்த முதலாளி நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், அந்தத் தாய் தறிக்குத் திரும்பிவிட்டார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. நான் போனது கையெழுத்துக்கு. அவர் கேட்டிருக்காவிட்டால் அவர் மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பியிருப்பேன். பஸ்ஸில் வரும்போது இதை நினைத்து எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் முன் இட்லிக்கார அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாசலில் நான்கைந்து பேர் நின்றார்கள். தட்டு வைத்து இட்லி கொடுத்துக்கொண்டே, "சொல்லுங்க டீச்சர்" என்றார்.

"அன்னிக்கி நான் பேசியிருக்கணும்க்கா."

"ஆமா, பேசியிருக்கணும்" என்றார். கோபமில்லாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல். "பள்ளிக்கூடத்துக்கு இனி நான் வரல. நீங்க யாருன்னு கேட்டுட்டாக. புள்ளக்கி ஏதாச்சும்னா நீங்க இங்க வந்து சொல்லுங்க."

அப்படித்தான் நடந்தது. அதன் பிறகு மின்தடை நாளன்று கடைசி வகுப்பை இன்னொரு டீச்சர் பார்த்துக்கொள்ள, நான் நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு சந்துக்குப் போவேன். தலைமை ஆசிரியைக்குத் தெரியும், கேட்கவில்லை. அந்த அக்கா வாசலிலேயே ஒரு ஸ்டூல் போட்டுவிடுவார். அங்கே பத்துப் பேர், டீக்கடை பக்கம் ஐந்து பேர். திருத்தும்போது இப்போதெல்லாம் இரண்டு தடவை பார்க்கிறேன். நான்கு தறி பார்க்கும் அந்த அண்ணன் கண்டிப்பாகப் பார்ப்பார். இது எதுவும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வெள்ளிக்கூட்டம் ஏழு பேரோடு, சமையல் அக்காவோடு, பக்கவாட்டுப் படத்தோடு செயலியில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

மாசி மாதம் வந்ததும் நான் சந்துக்குப் போவதும் நின்றது. பொதுத்தேர்வு நேரம், மாணவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகப் பராமரிப்பு மின்தடை தேர்வு முடியும்வரை இல்லை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எட்டாம் வகுப்புக்கு ஆண்டுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பெற்றோரைப் பார்க்க வேண்டிய இரண்டு மாதம். பிள்ளைகளுக்காகக் கரண்ட் இருந்தது, கரண்ட் இருந்ததால் தறி ஓடியது, தறி ஓடியதால் ஒருவரையும் பிடிக்க முடியவில்லை.

அந்தப் பெண் எட்டாம் வகுப்பு முடித்தாள். கணக்கில் அவசரம் குறையவில்லை. ஆனால் வகுப்பில் மூன்றாவது. ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி. மாற்றுச் சான்றிதழ் வாங்க அம்மாவால் வர முடியாது என்று, அக்காதான் பள்ளிக் கேட் வரை வந்தார். உள்ளே வரவில்லை. நான் வெளியே போய்க் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்துவிட்டு, "புதுப் பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டா நான் போலாமா டீச்சர்? இல்ல அங்கயும் யாருன்னு கேப்பாகளா?" என்றார்.

கேட்கத்தான் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். "போங்கக்கா" என்றேன். "சேர்க்கை ஃபாரத்துல பாதுகாவலர்னு ஒரு எடம் இருக்கும். அவ அம்மாவ விட்டு அதுல உங்க பேர எழுதச் சொல்லுங்க. அவுக கையெழுத்த மட்டும் பக்கத்துல போடச் சொல்லுங்க. யாராச்சும் கேட்டா எனக்குப் போன் பண்ணுங்க, நான் பேசுறேன்."

"நீங்க பேசுவீகளா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பேசுவேன் என்றேன். என் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், நான் இங்கே கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. தலைமை ஆசிரியை பேசிக்கொண்டிருந்தார். நான் நழுவி வராண்டாவுக்குப் போய் எடுத்தேன். புதுப் பள்ளியின் ஆசிரியை ஒருவர் போனை வாங்கி, இவுக யாருங்க என்று கேட்டார். அந்தப் பிள்ளையின் படிப்பைப் பற்றி அந்தத் தெருவிலேயே அதிகம் தெரிந்தவர் இவர்தான், உட்கார வையுங்கள் என்று சொன்னேன். ரூல் என்று அவர் ஆரம்பித்தார். நான் விடாமல் பேசினேன். கால்மணி நேரம் பேசினேன். கடைசியில், "சரி, இன்னிக்கி மட்டும் இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.